இ.சி.எச்.எஸ். கார்டு, பென்ஷன், சலுகைகள்: வடசென்னை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மாதவரம், பெரம்பூர் பக்கத்து மிலிட்டரி வீடுகளிலிருந்து வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஜவானாகவோ ஹவில்தாராகவோ வெளியே வந்தவர்கள், அவர்களின் மனைவிமார்கள், அப்பாவுக்காக அலைகிற பிள்ளைகள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் போரில் நின்றீர்கள், எந்த மலையில் இருந்தீர்கள் என்று எந்தக் கவுண்டரிலும் கேட்க மாட்டார்கள். உங்கள் பென்ஷன் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி அதைச் சுற்றியே வரும்.

இ.சி.எச்.எஸ். என்பது மெடிக்கல் இன்சூரன்ஸா?

இல்லை. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்பது அதன் முழுப் பெயர், 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. வருஷா வருஷம் பிரீமியம் கிடையாது, ஒரே முறை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க. இத்தனை லட்சம் வரைதான் என்று உச்சவரம்பும் கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது என்றெல்லாம் தள்ளிவிட மாட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்: முதலில் இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக், அங்கிருந்து ரெஃபரல் என்னும் பரிந்துரைச் சீட்டு, அப்புறம் அவர்கள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி. இந்த வரிசையைத் தாண்டிப் போனவர்கள்தான் கையில் பில்லோடு வந்து நிற்கிறார்கள்.

யாருக்குத் தகுதி உண்டு?

முப்படைகளில் எதிலாவது இருந்து பென்ஷனோ, ஊனமுற்றோர் பென்ஷனோ வாங்குபவர்கள், அவர்கள் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்கள். ஜவான் ரேங்க்காரர்களுக்குச் சாதாரணமாக 15 வருஷ சர்வீஸ் இருந்தால் பென்ஷன். பழைய காலத்தில் சில வருஷம் யூனிட்டிலும் மீதியை ரிசர்விலும் கழித்து ரிசர்விஸ்ட் பென்ஷன் வாங்கியவர்களும் இதில் வருவார்கள், 71 போர்க்காலத்து ஆட்கள் சிலர் இது தெரியாமலே இருக்கிறார்கள். டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர், டெரிடோரியல் ஆர்மி, கடலோரக் காவல்படை பென்ஷன்காரர்களுக்கும் உண்டு. பென்ஷன் இல்லாத ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளை 2019-இல் சேர்த்தார்கள், ஆனால் அது அதிகாரிகளுக்கான விஷயம். நம் பக்கம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஜவான்கள் என்பதால் அதை நீட்டவில்லை.

நான் எட்டு வருஷத்தில் சொந்த விருப்பத்தில் வந்துவிட்டேன். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதே, போதாதா?

போதாது. பென்ஷன் இல்லாமல் சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு இ.சி.எச்.எஸ். பொதுவாகக் கிடையாது. இதைச் சொன்னால் கோபம் வருகிறது, வரத்தான் செய்யும், ஆனால் இல்லாததற்காக ஆபீஸ் ஆபீஸாக அலைவதில் அர்த்தமில்லை. ஆனால் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள்: நீங்களாக வந்தீர்களா, மருத்துவக் காரணத்தால் அனுப்பினார்களா? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'வெளியேறிய காரணம்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். மெடிக்கல் போர்டு வைத்து அனுப்பியிருந்தால் ஊனமுற்றோர் பென்ஷன் கோர இடமிருக்கலாம். அது கிடைத்தால் கதவு திறக்கும்.

அதுவும் இல்லையென்றால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் அது செல்லும், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். கௌரவம் பார்த்து அதை எடுக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லாத கௌரவம்.

மகன் அக்னிவீர். நாலு வருஷம் முடித்து வந்தால் அவனுக்கு?

கிடையாது. இ.சி.எச்.எஸ்., கேன்டீன், பென்ஷன், முன்னாள் படைவீரர் அந்தஸ்து எதுவும் அக்னிவீருக்கு இல்லை என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முடிக்கும்போது சேவா நிதி, சுமார் 11.71 லட்சம், கையில் வரும். சர்வீஸில் இருக்கும்போது பணியால் ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் இழப்பீடு. நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படும் நான்கில் ஒரு பங்குப் பேருக்கு வழக்கமான ஜவான் விதிகள். மற்றவர்கள் வெளியே வந்த அன்றே நல்ல மருத்துவக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பணத்தில் முதலில் பைக் வாங்கிவிடாமல் அம்மா அப்பா பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சி.ஆர்.பி.எஃப்., ஆவடியில் இருந்து ஓய்வு. எனக்கும் உண்டா?

இல்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. உங்களுக்கு சி.ஜி.எச்.எஸ்., அதாவது மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

2017 டிசம்பர் கடைசியில் மாற்றிய கணக்குப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. விமானப்படை, கடற்படையில் அதற்குச் சமமான ரேங்க். வார்டும் இதையொட்டித்தான்: முதல் பிரிவுக்கு ஜெனரல் வார்டு, அடுத்தவர்களுக்கு செமி பிரைவேட், அதிகாரிகளுக்குத் தனி அறை. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள், போரில் ஊனமானவர்கள், போர் விதவைகள் பணம் கட்ட வேண்டாம். 2003 ஏப்ரலுக்குப் பின் வந்தவர்களுக்கு இது கட்டாயம், ஓய்வின்போதே பிடித்திருப்பார்கள். பிடித்துவிட்டார்கள் என்பதாலேயே கார்டு தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஆன்லைனில் விண்ணப்பித்தாக வேண்டும். 96-க்கும் 2003-க்கும் இடையில் வந்து அன்று "எனக்கு என்ன நோயா, எதற்குக் கட்டணும்" என்று விட்டவர்கள் இன்றைக்கும் கட்டிச் சேரலாம். இன்றைய கட்டணம்தான், பழைய கட்டணம் இல்லை. முப்பதாயிரம் பெரிய தொகையாகத் தெரிந்தால், ஒரு பைபாஸுக்கு இப்போது என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தில் யார் யாரைச் சேர்க்கலாம்?

மனைவி அல்லது கணவர். மகன் 25 வயது வரை, அதற்குள் சம்பாதிக்க ஆரம்பித்தாலோ கல்யாணமானாலோ அன்றோடு முடிந்தது. மகளுக்கு வயது வரம்பு இல்லை, வேலை அல்லது கல்யாணம் வரை. கணவரை இழந்தோ விவாகரத்தாகியோ வீட்டுக்குத் திரும்பி வந்து உங்களைச் சார்ந்திருக்கும் மகளையும் சேர்க்கலாம், இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது, ஆனால் ஊனச் சான்றிதழ் வேண்டும்.

அப்பா அம்மாவைச் சேர்க்க, அவர்களுக்கு எல்லா வழியிலும் வரும் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும், உங்களோடு வசிக்க வேண்டும். வாடகை வருமானமும் கணக்கில் வரும். கீழே இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டுவிட்டு "அம்மாவுக்கு வருமானமே இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். மகனுக்கு வேலை கிடைத்தபின்னும் அவன் கார்டை வைத்துக்கொள்வதும் அப்படித்தான். பிடிபட்டால் செலவான பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், உங்கள் சொந்த மெம்பர்ஷிப்புக்கே ஆபத்து.

விண்ணப்பம் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருகிறது. என்ன செய்வது?

நம் ஊரில் இதுதான் முதல் தலைவலி. வடக்கே எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும், படிவமும் அதை வைத்தே அச்சடித்தது. நமக்கு இனிஷியல். ஆட்சேர்ப்பு அன்று பள்ளிச் சான்றிதழைப் பார்த்து கிளார்க் எழுதியது 'முருகன் கே'. ஆதாரில் 'கே. முருகன்'. பான் கார்டில் அப்பா பெயரையும் சேர்த்து 'முருகன் கண்ணன்'. பேங்க் பாஸ்புக்கில் 'முருகன்' மட்டும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நாலு ஆள்.

மனைவி பெயர் இன்னும் மோசம். வீட்டில் செல்வி, ரேஷன் கார்டில் தமிழ்ச்செல்வி, யூனிட்டில் இருந்தபோது ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துவிட்டு வந்து கொடுத்த தாளில் இந்தி கிளார்க் எழுதியது 'ஷெல்வி'. பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் குடும்ப விவரப் பக்கத்தைப் பாருங்கள்: மையில் எழுதியது, ஓரத்தில் பார்ட் டூ ஆர்டர் (கல்யாணம், குழந்தை போன்ற விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை) எண்ணும் தேதியும், கீழே ரப்பர் ஸ்டாம்ப் பாதி அழிந்து. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டு பெயர்தான் அங்கே இருக்கும், கடைசிக் குழந்தை லீவில் வந்தபோது பிறந்தது, திரும்பிப் போய் பார்ட் டூ போட மறந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் பெயர் இல்லாத பிள்ளை அரசாங்கத்துக்குப் பிறக்காத பிள்ளைதான்.

சரிசெய்யும் வழி: எந்த ஆவணத்தை மாற்றுவது சுலபமோ அதை மாற்றுங்கள். ஆதாரில் சின்னத் திருத்தம் சில நாட்களில் முடியும், ரெக்கார்ட் ஆபீஸில் மாற்ற மாதங்கள் ஆகும். ஆகவே பென்ஷன் ஆணையில் உள்ளதுபோலவே ஆதாரை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். பென்ஷன் ஆணையிலேயே மனைவி பெயர் தப்பாகவோ இல்லாமலோ இருந்தால் வேறு வழியில்லை, ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். திருமணச் சான்று, ஆதார் நகல், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்ற அஃபிடவிட், டிஸ்சார்ஜ் புக் நகல் எல்லாவற்றையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், மூன்று மாதம் கழித்து "வரவே இல்லை" என்பார்கள்.

இதையெல்லாம் அவர் நடமாடும்போதே செய்துவிட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது ஆரம்பிக்கிற குடும்பங்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் மனசு ஆறாது.

வடசென்னைக்கு எந்த பாலிகிளினிக்?

தீவுத்திடலில் ஒன்று, ஆவடியில் ஒன்று, தெற்கே தாம்பரத்தில் ஒன்று. நம் பக்கத்துக்கு முதல் இரண்டும்தான் வசதி. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம்காரர்கள் மெட்ரோவிலோ பஸ்ஸிலோ பாரிமுனைப் பக்கம் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் தீவுத்திடல். பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர்க்காரர்களுக்குப் புறநகர் ரயிலில் ஆவடி சுலபம், கொளத்தூரிலிருந்து வில்லிவாக்கம் ஸ்டேஷன் வந்தால் போதும். விண்ணப்பிக்கும்போது எதைத் தாய் பாலிகிளினிக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அங்கேதான் பில், ரீஇம்பர்ஸ்மென்ட் எல்லாம். பெயருக்குப் பெரிய இடம் என்று பார்க்காமல், முட்டிவலியோடு மாதாமாதம் எங்கே போய்வர முடியும் என்று பார்த்துப் போடுங்கள்.

காலையில் சீக்கிரம் போங்கள். கார்டைக் கொடுத்துப் பதிவு செய்து டோக்கன் வாங்கி, மெடிக்கல் ஆபீஸரைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தம் கொடுத்து, கடைசியில் மருந்து கவுண்டர் வரிசை. மதியத்துக்குப் பக்கத்தில் போனால் டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்கு மறுநாள் வர நேரும். சுகர்காரர்கள் ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுபோவது உத்தமம்.

கவுண்டரில் "மருந்து இல்லை" என்கிறார்கள்.

இல்லாத மருந்தை அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்கடை மூலம் பாலிகிளினிக்கே வரவழைத்துத் தர ஏற்பாடு உண்டு. சீட்டில் எந்த மருந்து இல்லை என்று குறித்து முத்திரை வாங்குங்கள், எப்போது வரும் என்று கேளுங்கள். அதுவும் நடக்காதபோதுதான் வெளியே வாங்கிப் பணம் கேட்கலாம். அந்த முத்திரை இல்லாமல் நீங்களாகக் கடையில் வாங்கிய பில்லுக்கு யாரும் பொறுப்பில்லை. இன்னொன்று, டாக்டர் எழுதிய கம்பெனி மருந்தே வேண்டும் என்று கவுண்டரில் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறினால் பரவாயில்லை, சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ரெஃபரல் வேண்டுமா?

ஆம். ரெஃபரலில் எந்தத் துறை, எந்த ஆஸ்பத்திரி, எதுவரை செல்லும் என்று எழுதியிருக்கும். இதயத்துக்கு வாங்கிய ரெஃபரலில் போய்க் கண்ணையும் காட்ட முடியாது. பட்டியலில் உள்ள எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அவர்கள் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் மாறும். சில ஆஸ்பத்திரிகள் பில் பாக்கி என்று விலகும், அப்புறம் சேரும். போன வருஷம் அண்ணன் போனார் என்பதை நம்பிக் கிளம்பாமல் அன்றைய பட்டியலைப் பாலிகிளினிக்கில் பாருங்கள். முதியவர்கள் ஸ்பெஷலிஸ்ட்டை ரெஃபரல் இல்லாமல் நேரே பார்க்கச் சலுகை இருக்கிறது. அதற்கான வயது ஆணைக்கு ஆணை மாறும் என்பதால் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுராத்திரி நெஞ்சுவலி. பாலிகிளினிக் பூட்டியிருக்குமே?

உயிர் முக்கியம், பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எமர்ஜென்சிக்கு ரெஃபரல் தேவையில்லை. இதில் இரண்டு வழி.

பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் சேர்க்கும்போதே கார்டைக் காட்டுங்கள். கார்டு பீரோவில் இருக்கிறது, சாவி மருமகளிடம் இருக்கிறது, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு வீட்டில் நடந்தது. விடிவதற்குள் அவர்கள் பணம் கட்டும் நோயாளியாகப் பதிந்துவிட்டார்கள், அதை மாற்ற அவ்வளவு அலைச்சல். கார்டின் இரண்டு பக்கமும் வீட்டில் எல்லோர் போனிலும் படமாக இருக்கட்டும். கார்டைக் காட்டிச் சேர்ந்துவிட்டால் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுப்பது, பில் அனுப்புவது எல்லாம் ஆஸ்பத்திரியின் வேலை, உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும், பிறகு திரும்பக் கேட்கலாம். இங்கே 48 மணி நேரம் என்பதை மறக்காதீர்கள்: அதற்குள் பக்கத்து பாலிகிளினிக்குக்கு எமர்ஜென்சி தகவல் போயாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி சேர்த்தால் திங்கள் காலை முதல் ஆளாக ஒருவர் அங்கே நிற்கட்டும், போனிலும் சொல்லிவையுங்கள், மெயிலும் அனுப்புங்கள். எழுத்தில் தகவல் கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எமர்ஜென்சி சான்றிதழ், எல்லா ஒரிஜினல் பில்லும், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த நர்ஸே லீவில் இருப்பார்.

திரும்பி வருவது சி.ஜி.எச்.எஸ். விகிதப்படிதான், நீங்கள் கட்டியது முழுதும் இல்லை. வித்தியாசம் சில நேரம் பாதிக்குப் பாதி இருக்கும். ஆகவே ஆபத்து நீங்கியதும், டாக்டர் சம்மதித்தால், பட்டியலில் உள்ள இடத்துக்கு மாற்றிவிடுவதே கையைக் கடிக்காது. ஸ்டான்லிக்குக் கொண்டுபோவதையும் கேவலமாக நினைக்காதீர்கள். பழைய ஜெயில் ரோட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, விபத்து, தலைக்காயம் என்றால் அங்கே ராத்திரி முழுக்க ஆள் இருப்பார்கள்.

பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியே அட்வான்ஸ் கேட்கிறது.

உங்களுக்கு உரிய வார்டைவிட மேல் வார்டு நீங்களாகக் கேட்டிருந்தால் வித்தியாசம் உங்கள் செலவு. இல்லையென்றால் கேட்க உரிமையில்லை. வாய்ச்சண்டை போடாமல் "எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், பாதி இடத்தில் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்கு, அப்புறம் சென்னை ரீஜனல் சென்டருக்கு எழுத்தில் புகார். கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அவர் போய்விட்டார். கார்டும் பென்ஷனும் என்ன ஆகும்?

முதலில் பென்ஷன். இறப்புச் சான்றிதழை மாநகராட்சியில் வாங்கியதும் ஸ்பர்ஷ் என்னும் பாதுகாப்புத்துறை பென்ஷன் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும், மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் கணக்கில் அதற்குப் பின் விழும் பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள், ஈமச் செலவுக்கு எடுத்துவிட்டு, பின்னால் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் பிடித்தம் போன வீடுகள் நிறைய. பென்ஷன் ஆணையில் உங்கள் பெயர் சரியாக இருந்தால் வேலை பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். இல்லையென்றால் மேலே சொன்ன பெயர் வழக்கு, கூடவே தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ்.

குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பின் இறந்திருந்தால் முதல் ஏழு வருஷம் அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது ஆகும் நாள், இதில் எது முன்போ அதுவரை 50 சதவீதம். திடீரென்று ஒரு மாதம் தொகை குறைந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று வரும் அம்மாக்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

இ.சி.எச்.எஸ். தொடரும். அவர் ஏற்கெனவே மெம்பர் என்றால் நீங்கள் மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் கார்டை உங்கள் பெயரில் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் உடம்புக்கு வந்தால்? இறப்புச் சான்று நகலோடு பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியைப் பாருங்கள், தற்காலிகச் சீட்டுக்கு வழி செய்வார்கள். கருமாதிக்கு முன் இதெல்லாம் பேச வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், நீங்கள் வேலையைப் பாருங்கள்.

மிலிட்டரிக்குப் பின் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து அங்கேயும் பென்ஷன். இரண்டும் கிடைக்குமா?

வடசென்னையில் மட்டும் இந்தக் கேள்வி இவ்வளவு வரும், பெரம்பூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி. இரண்டு பென்ஷனும் உங்கள் உழைப்பு, இரண்டும் வரும். மனைவிக்கு முன்பு ஏதாவது ஒரு குடும்ப ஓய்வூதியம்தான் என்று இருந்தது, 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டும் வாங்கலாம். அதற்கு முன் கணவரை இழந்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அந்தத் தேதியிலிருந்து நிலுவையோடு கேட்கலாம். மருத்துவத்தில் மட்டும், ஒரே பில்லை ரயில்வேயிலும் இ.சி.எச்.எஸ்.-இலும் காட்டக் கூடாது.

பீரங்கி சத்தத்தில் காது போனது. இப்போது ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாமா?

வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் என்ன எழுதினார்கள் என்பதே அடிப்படை. பணியால் வந்தது அல்லது பணியால் அதிகமானது என்று இருக்க வேண்டும், அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 'இரண்டும் இல்லை' என்று எழுதித் தள்ளியிருந்தால் மேல்முறையீடு, அதற்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. 20 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் கணக்கில் 50 ஆகவும், 50-க்கு மேல் என்றால் 75 ஆகவும், 75-க்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கொடுக்கும் முறை உண்டு. வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய வழக்குகள் நிறைய ஜெயித்தது இதை வைத்துத்தான். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள், இவ்வளவு தாராளம் இல்லை. உங்கள் போர்டு நடவடிக்கை நகல் கையில் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் எந்த வக்கீலைப் பார்த்தும் பயனில்லை.

நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுத்தேன், பென்ஷன் நின்றுவிட்டது.

ஜீவன் பிரமாண் என்னும் ஆன்லைன் லைஃப் சர்டிஃபிகேட்டில் பதியும்போது பென்ஷன் வழங்கும் நிறுவனம் என்ற இடத்தில் உங்கள் வங்கியைப் போட்டிருப்பீர்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே 'ஸ்பர்ஷ்' என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கிக்குப் போன சான்றிதழ் ஸ்பர்ஷுக்குத் தெரியாது. மறுபடி சரியாகப் பதியுங்கள், நின்றது நிலுவையோடு வரும். போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், ரேகை தேய்ந்த கைகளுக்கு அதுதான் சுலபம். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

பென்ஷனே இல்லாத வயதான படைவீரர் ஒருவர் எங்கள் தெருவில் கஷ்டப்படுகிறார்.

அவர் ஹவில்தார் ரேங்க் வரை இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 தாண்டியிருந்தால் கேந்திரிய சைனிக் போர்டின் (மத்திய முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கினார்கள். அப்படிப்பட்டவர்களின் மனைவிமார்களுக்கும் உண்டு. மகள் கல்யாண உதவி 50,000-இலிருந்து ஒரு லட்சம், பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000-இலிருந்து 2,000 என அதே சமயத்தில் உயர்ந்தன. விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போகும். மாநில இயக்ககம் நேரு ஸ்டேடியம் பக்கத்தில், ராஜா முத்தையா சாலையில்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2018-இல்தான் இந்தப் பகுதிகள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தன. அதற்கு முன் எடுத்த அடையாள அட்டை என்றால் உங்கள் பதிவு திருவள்ளூரிலேயே கிடக்கலாம். எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு அப்புறம் மனு எழுதுங்கள், இல்லாவிட்டால் அங்கே போ, இங்கே போ என்று பந்தாடுவார்கள்.

70 வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் கார்டு தருகிறார்களே, அதையும் எடுக்கலாமா?

இ.சி.எச்.எஸ். இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரம்பு, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பயன், மாத மருந்து கிடைக்காது. வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறார்கள் என்று ரேகை வைத்துவிடாதீர்கள்.

மகன் இன்னும் சர்வீஸில் இருக்கிறான். எங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி?

நீங்கள் இ.சி.எச்.எஸ்.-இல் வர மாட்டீர்கள். அவன் யூனிட்டிலிருந்து சார்ந்தோர் அட்டை வாங்கி அனுப்பினால் பரங்கிமலை ராணுவ ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். இங்கிருந்து தூரம்தான், மெட்ரோ இருக்கிறது.

கார்டு தொலைந்துவிட்டது.

காவல்துறை இணையத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிந்து, அந்தச் சான்றை வைத்து இ.சி.எச்.எஸ். இணையத்தில் மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். வாசலில் பத்து நாளில் கார்டு வாங்கித் தருகிறேன் என்று நிற்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், ஸ்பர்ஷ் பாஸ்வேர்டைச் சொல்லவே சொல்லாதீர்கள். அவர் செய்வதும் அதே இணைய விண்ணப்பம்தான். பக்கத்து இ-சேவை மையத்திலோ காலேஜ் படிக்கும் பேத்தியிடமோ சொன்னால் செய்துவிடுவார்கள்.